தானமாக வந்த மாட்டின் பல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் மாமியார் வீட்டுத் தொலைக்காட்சி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பொருள் விற்பவர்களுக்கே சொந்தம். அவருக்கு வயது 83. வாங்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் அந்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குறை கண்டுபிடிக்கும் இன்பத்துக்காகவே பார்க்கிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், ஒட்டாத பூச்சுள்ள வாணலி ஒன்றைக் கையில் ஏந்திய தொகுப்பாளர், தன் வீட்டில் தினமும் காலையில் இதில்தான் முட்டை பொரிப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். என் மாமியார் சோபாவில் சாய்ந்திருந்தபடியே கேட்டார்: "அவள் காசு கொடுத்து வாங்கினாளா, இல்லை அவன் சும்மா கொடுத்தானா? சும்மா கொடுத்தா, அது ஒட்டுதுன்னு எப்படிமா வாயைத் திறந்து சொல்லுவா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி மட்டும் பல நாள் என்னோடு இருந்தது; விற்கும் பொருளைத் தொகுப்பாளர்களுக்குக் கொடுத்துப் பயன்படுத்தச் செய்ய வேண்டுமா என்ற கேள்வியாகவும் அது வளர்ந்தது. நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் புரட்டாசி பிறப்பதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தொலைக்காட்சியில் பார்த்து, சாறும் கூழும் அடிக்கும் லிக்விடைசர் ஒன்று வாங்கினேன். விலை 1,299 ராண்ட். டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் புரட்டாசி மாதம் முழுவதும் இறைச்சி சமைப்பதில்லை. சனிக்கிழமைப் படையலுக்கு வடை சுட்டே ஆக வேண்டும். இங்கே வடை என்றால் உளுந்து இல்லை, பீ டால் என்று எல்லோரும் சொல்லும் பட்டாணிப் பருப்பு. நிகழ்ச்சியில் அந்தப் பெண் பனிக்கட்டியையும் உறைந்த ஸ்ட்ராபெர்ரியையும் பத்து விநாடிக்குள் நுரை போல ஆக்கிக் காட்டினார். பிறகு, இந்தியச் சமையலுக்கும் இது ஏற்றது, எந்தப் பருப்பையும் அரைத்துவிடும், தன் வீட்டில் இது வந்த பிறகு வேறு எதையும் தொடுவதே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். இரண்டாவது சனிக்கிழமை, ஊறிய பருப்பைத் தண்ணீர் தெளிக்காமல் போட்டுச் சுற்றினேன். அடியில் இருந்த ஒரு பிடி மாவு கூழாகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது, மேலே இருந்தது அசையவே இல்லை, கத்தி மட்டும் வெறுமனே சுழன்றது. மூன்றாவது முறை பொத்தானை அழுத்தியபோது கருகல் நாற்றம் அடித்தது; நான்காவது முறைக்கு இடம் வைக்காமல் இயந்திரம் நின்றுபோனது.

காரணம் எளியது, ஆனால் பருப்பு அரைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். லிக்விடைசர் என்ற பெயரே சொல்வது போல, அதன் உள்ளே ஏதேனும் திரவம் சுழல வேண்டும். அந்தச் சுழலே மேலே உள்ளதைக் கீழே கத்தியிடம் இழுத்து வருகிறது. பனிக்கட்டி உடைந்து தானாக விழும், பழம் சாறு விடும். வடைக்குக் கெட்டியாக அரைக்கும் பருப்பு இரண்டையும் செய்யாது. இந்திய மிக்ஸியின் சிறிய ஜாரில் கத்தி தாழ்வாக இருப்பதும், சுமை மிகுந்தால் அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் தெறித்து இயந்திரத்தை நிறுத்துவதும் இத்தகைய அரைப்புக்காகவே. அந்தத் தொகுப்பாளர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவர் வீட்டில் வடை சுடும் வழக்கம் இருந்திருக்காது. கொடுத்த தாளில் "எந்தப் பருப்பும்" என்று இருந்திருக்கும். அவர் அதைப் படித்தார்.

பணத்தைத் திரும்பப் பெற்றது தனிக் கதை, அதை நீட்டப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் விற்றவருடைய செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம், பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதை வாங்கியவரே சொல்லலாம் என்கிறது. இந்த ஒரு வரியைத் தொலைபேசியில் அமைதியாக மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆறாவது வாரம் பணம் வந்தது. அந்தப் படையலுக்கு வடை பக்கத்து வீட்டு அம்மிக்கல்லில் அரைக்கப்பட்டது.

என் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். சனிக்கிழமைகளில் அவரைச் சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் சந்தை என்று பெயர் பெற்ற காய்கறிச் சந்தைக்கு அழைத்துச் செல்லும்போது, அவர் காய் வாங்கும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். பீன்ஸை ஒடித்துப் பார்ப்பார், ஒடியும் சத்தம் கேட்க வேண்டும். இஞ்சியை நகத்தால் கீறி மோந்து பார்ப்பார். மசாலாப்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். அவருக்குப் பொருள் என்பது கைக்குத் தெரிய வேண்டிய ஒன்று. தொலைக்காட்சி விற்பனை முதலில் பறிப்பது அந்தக் கையைத்தான். ஒடிக்கவும் கீறவும் மோக்கவும் முடியாத இடத்தில், திரைக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் கையை நாம் இரவல் வாங்குகிறோம். அந்தக் கை பொருளை முதன்முதலில் தொட்டதே படப்பிடிப்பு விளக்கின் கீழ்தான் என்றால், இரவல் வாங்கி என்ன பயன்? ஆகவே தொகுப்பாளர்களுக்குப் பொருளைக் கொடுத்துப் பயன்படுத்தச் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், கட்டாயம் வேண்டும் என்பதே. யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எனக்கு வழக்கத்தோடு சண்டை.

வழக்கம் என்னவென்று எனக்கு ஓரளவு தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் சனிக்கிழமை வகுப்பில் என்னிடம் தமிழ் எழுத்து கற்ற ஒரு பெண், பின்னர் ஜோகன்னஸ்பர்க்கில் இத்தகைய நிகழ்ச்சிகளில் சில காலம் பேசினாள். அவள் சொன்ன கதைகளில் பாதி, பெட்டிகளைப் பற்றியவை. பொருளைத் தருவது பெரும்பாலும் அதைச் செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர். அவர் அனுப்புவது கிடங்கில் கைக்கு அகப்பட்ட பெட்டியாக இருக்காது. திறந்து, சோதித்து, கீறல் இல்லாததைத் தேர்ந்தெடுத்து, கூடவே ஒரு வாழ்த்து அட்டையும் வைத்து அனுப்புவார். சில நேரம் படப்பிடிப்புக்கு முந்தைய மாலையில்தான் அது வந்து சேரும். நிகழ்ச்சியில் காட்டும் சமையலுக்குத் தனி ஆள் உண்டு. பச்சையாக ஒன்று, பாதி வெந்ததாக ஒன்று, முடிந்ததாக ஒன்று என்று மூன்று பாத்திரங்கள் மேசைக்கு அடியில் காத்திருக்கும். ஆண்டு முடிவில் அவள் அம்மாவின் கார் நிறுத்தும் கொட்டகையில் கார் நிற்க இடமில்லை. கறிவெட்டி, நீராவி இஸ்திரி, வயிறு குறைக்கும் பட்டை என எல்லாம் அங்கே இருந்தன. அவற்றில் எதையும் அவள் கெட்டது என்று எங்கும் சொன்னதில்லை. "எப்படி டீச்சர் சொல்வது? அந்த அங்கிள் தீபாவளிக்குப் பலகாரம்கூட அனுப்பினார்" என்றாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாம். கொடுத்தவரைப் பழிப்பது நமக்கு இழுக்கு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கக் கூடாது என்பதும் நம் பழமொழிதான். தொகுப்பாளரின் வேலையோ அந்தப் பல்லைப் பிடித்துப் பார்த்து, நமக்காக எண்ணிச் சொல்வது. இலவசம் ஒரு கையூட்டு என்று சிலர் சொல்லும்போது, அவர்கள் குற்றத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 600 ராண்ட் பெறுமான வாணலிக்காக எவரும் தம் மனச்சாட்சியை விற்பதில்லை. சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் நன்றி என்பது விலையைப் பார்த்து வருவதில்லை.

சமூக ஊடகங்களில் பொருள்களைப் புகழ்வோரையும் இந்தத் தொகுப்பாளர்களையும் ஒன்றாக வைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டும் வேறு. அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2009இல் தன் பரிந்துரை விளம்பர வழிகாட்டியைத் திருத்தியபோது, இலவசமாக வந்த வீடியோ விளையாட்டுக் கருவியைப் பற்றி வலைப்பதிவில் எழுதும் ஒரு மாணவனை எடுத்துக்காட்டாகத் தந்து, அது இலவசமாக வந்தது என்பதை அவன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. அங்கே மறைவாக ஒரு தொடர்பு இருக்கிறது. படிப்பவருக்கு அது தெரியாது. விற்பனை அலைவரிசையில் நிற்பவர் விற்கவே நிற்கிறார் என்பது என் மாமியாருக்கும் தெரியும், அவருடைய ஆறு வயதுக் கொள்ளுப் பேரனுக்கும் தெரியும். "இது எனக்கு இலவசமாக வந்தது" என்று அவர் மார்தட்டிச் சொல்வதால் எனக்குப் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது, "என் வீட்டில்" என்று அவர் சொல்லும் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறதா என்பது. அதே அமெரிக்க வழிகாட்டியில் அதற்கும் ஒரு வரி உண்டு: ஒருவர் பொருளைப் பயன்படுத்துவதாக விளம்பரம் காட்டினால், அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் உண்மையாகவே அதைப் பயன்படுத்துபவராக இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டு விளம்பர விதித்தொகுப்பு ஒரு படி மேலே போகிறது என்பேன். பழைய விளம்பரத் தர ஆணையம் கடனில் மூழ்கிய பின், 2018இல் விளம்பர ஒழுங்குமுறை வாரியம் அதன் இடத்துக்கு வந்தது. விதிகளும் தொடர்ந்து வந்தன. சான்றுரை என்பது உண்மையாக இருக்க வேண்டும், அதைச் சொல்பவரின் சொந்த அனுபவத்தை, அதுவும் நியாயமான ஒரு கால அளவுக்கு நீண்ட அனுபவத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அந்த "நியாயமான கால அளவு" என்ற தொடர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முந்தைய மாலை வந்த பெட்டிக்கு அது பொருந்துமா என்று யாராவது தொகுப்பாளரிடம் கேட்டிருப்பார்களா என்றுதான் தெரியவில்லை.

நான் விரும்பும் ஏற்பாடு இது. பொருளைச் செய்தவர் எதையும் அனுப்பக் கூடாது. அலைவரிசை நிறுவனம் தன் தொகுப்பாளருக்குப் பொருளின் விலையையும் அனுப்புகூலியையும் பணமாகக் கொடுக்க வேண்டும். அவர் தம் வீட்டிலிருந்து, நமக்குக் காட்டும் அதே தொலைபேசி எண்ணை அழைத்து, தம் வேலையைச் சொல்லாமல் வாங்க வேண்டும். காத்திருப்பு இசையை அவரும் கேட்கட்டும். கூரியர்க்காரர் வாசலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்துபோகும் அனுபவம் அவருக்கும் கிடைக்கட்டும். பெட்டியைத் திறந்ததும், நம் சுவரில் உள்ள பருமனான மூன்று வட்டத் துளைகளுக்குப் பொருந்தாத ஒரு செருகி அதில் இருந்தால், அடாப்டர் தேடி அவரும் இழுப்பறையைக் குடையட்டும். இது சிறிய விஷயமாகப் படலாம். ஆனால் இங்கே ஒளிபரப்பாகும் இத்தகைய படங்களில் பல அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. திரையில் சுழலும் மோட்டாரும் நம் வீட்டுக்கு வரும் மோட்டாரும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. அங்குள்ளவர் பயன்படுத்திப் பார்த்தது அங்குள்ளதை.

இப்படி வாங்குவது நான் கண்டுபிடித்த புதுமை அல்ல. 1936 முதல் பொருள்களைச் சோதித்து வெளியிட்டு வரும் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், தான் சோதிப்பவற்றைப் பெயர் சொல்லாமல் கடையிலேயே விலைகொடுத்து வாங்குகிறது. விற்பவர் அதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை என்று யாரேனும் சொல்லலாம். ஆனால் இதில் விற்பவருக்கும் ஆதாயம் உண்டு: ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கு முன்பே, மூடி சரியாக அமராத பெட்டி ஒன்று தம் ஆளின் சமையலறையில் தெரியவந்துவிடும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலே ஓர் ஓசிச் சரக்கில்தான் பிறந்தது. 1977இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கிளியர்வாட்டர் நகரத்துச் சிறிய வானொலி நிலையம் ஒன்றுக்கு விளம்பரக் கட்டணம் தர முடியாத ஒருவர், பணத்துக்குப் பதிலாக 112 மின்சார டப்பா திறப்பான்களைக் கொடுத்துவிட்டுப் போனார். நிலையத்தின் அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டா அவற்றை ஒன்று 9.95 டாலர் என்று ஒலிபரப்பிலேயே கூவி விற்றார். எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் வளர்ந்தது அந்த விதையிலிருந்து. அந்த 112இல் ஒன்றையாவது அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பீன்ஸ் டப்பாவைத் திறந்து பார்த்தாரா என்று அறிய எனக்கு ஆசை.

காலம் பற்றி. எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு பொருந்தாது. கழுத்துச் சங்கிலியை ஒரு நாள் அணிந்தால் கனம் தெரியும், கொக்கி தெரியும். நிறம் போகிறதா என்பதற்கு வியர்வையோடு ஒரு கோடைகாலம் வேண்டும். டர்பனின் ஜனவரி வெக்கையில் என்றால் அதில் பாதி போதும். முகப்பூச்சுக்குச் சில வாரங்களாவது தேவை. ஆனால் அந்தத் தொகுப்பாளரின் முகத்தின் மேல் ஒப்பனையும் விளக்கும் இருக்கும்போது, அவர் கன்னத்தைப் பார்த்து நான் எதை முடிவு செய்வது? துணியைத் துவைக்காமல் பேசவே கூடாது. கடினமானது ஒட்டாத வாணலி. முதல் வாரத்தில் எல்லா வாணலியும் உத்தமப் பத்தினிதான். எண்ணெய் இல்லாமலே தோசை வழுக்கிக்கொண்டு வரும். வெறும் வாணலியை அடுப்பில் மறந்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்த நாள், பேரன் இரும்புக் கரண்டியால் கிளறிய நாள், சூடாக இருக்கும்போதே குழாய்த் தண்ணீரில் காட்டிய நாள் ஆகிய மூன்றும் வந்த பிறகுதான் பூச்சின் குணம் வெளியே வரும். மூன்று மாதமாவது ஆகாமல், "என் வீட்டில்" என்று வாணலியைப் பற்றி எவரும் சொல்லக் கூடாது என்பது என் சட்டம்.

ஒரு நாளைக்கு முப்பது பொருள் விற்கும் அலைவரிசையில் இது எப்படி நடக்கும் என்று என் கணவர் கேட்டார். நடக்காது. நடக்க வேண்டியதும் இல்லை. பயன்படுத்தாத பொருளை, "நான் இதைப் பயன்படுத்தியதில்லை; செய்தவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லி விற்கலாமே. துணிக்கடையில் வேட்டி எடுத்துக் காட்டும் பெண் ஊழியர், தான் கட்டிப் பார்த்ததாகவா சொல்கிறார்? என் மாணவி ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறாள்: முழங்கால் வலிக்கான பட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு முழங்கால் வலி இல்லை, ஆகவே என்னால் சொல்ல முடியாது என்றாளாம். இயக்குநர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரு கையையும் விரித்தாராம். அவள் அதன் பிறகும் எட்டு மாதம் அந்த வேலையில் இருந்தாள் என்பதால், வானம் இடிந்து விழவில்லை என்று கொள்கிறேன்.

பயன்படுத்தி முடித்த பொருள் யாருக்கு? தொகுப்பாளரே வைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதம் முட்டை பொரித்த வாணலியைத் திருப்பிக் கேட்பது அற்பத்தனம். புதிதாகப் பிரிக்காத பெட்டிகளைக் கொட்டகையில் அடுக்கி வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அது சோதனையும் ஆகாது, சம்பளமும் ஆகாது.

என் மாணவி அந்தக் கொட்டகையை ஒழித்தபோது, தன் பழைய டீச்சரை மறக்காமல், பிரிக்காத வாணலி ஒன்றை எங்களுக்கு அனுப்பியிருந்தாள். மேலே சொன்ன நிகழ்ச்சியில் வந்த அதே வகை. நான் அதை மாமியாரிடமே கொடுத்துவிட்டேன்; அவரைவிடக் கடுமையான பரிசோதகர் இந்த மாநிலத்தில் கிடையாது. ஐந்தாவது வாரம் முட்டை அடியில் பிடிக்கத் தொடங்கியது. ஏழாவது வாரம் அவர் அதை அடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டுப் பழைய இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டார். "பார்த்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் என்னிடம், நெஞ்சு நிமிர்த்தி.

சென்ற ஞாயிறு அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டு மாமியாரிடம் கொடுத்தேன். நலம் விசாரித்துவிட்டு, வாணலி எப்படி இருக்கிறது ஆயா என்று அவள் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குமா," என்றார் மாமியார், என் முகத்தைப் பார்க்காமல். "தினமும் அதிலேதான் செய்யிறேன்."